பக்கவாதத்திற்குப் பின் கால் நடக்கிறது. கைவிரல்கள் மட்டும் ஏன் திரும்பவில்லை?

உசிலம்பட்டி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா மதுரையில் கோயில் வாசலருகே பல ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்றவர். ரத்த அழுத்தம் ஏறியதில் அவருக்கு இடப்பக்க மூளையின் ஆழத்தில், இன்டர்னல் கேப்ஸ்யூல் என்ற இடத்தில், ரத்தம் கசிந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. முதலில் துவண்டு கிடந்த கையும் காலும் சில வாரங்களில் விறைக்கத் தொடங்கின; இப்போது முழங்கை மடங்கியே இருக்கிறது, கால் நீண்டு விறைத்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் வலக்கை விரல்களால் வாழைநாரைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட இயலவில்லை. கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக மேலே எழுகிறது. அதைப் பார்த்து உறவினர்கள் கை வந்துவிட்டது என்கிறார்கள். சிலர் புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள். ஒரே கசிவினால் விழுந்த காலும் கையும் இப்படி வேறு வேறாகத் தேறுவது ஏன்?

உடலியல் கற்பிப்பவர், மதுரை:

வணக்கம் சகோதரி. அம்மாவின் தொழிலே தங்கள் கேள்விக்கான விடைக்கு வழிகாட்டுகிறது.

மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இயக்கக் கட்டளைகள் ஒரே பாதையில் இறங்குவதில்லை. அவற்றுள் முதன்மையானது கார்டிகோஸ்பைனல் பாதை. பெருமூளையின் வெளியடுக்கான புறணியில் தொடங்கும் அதன் இழைகள், இன்டர்னல் கேப்ஸ்யூல் என்னும் குறுகிய இடத்தில் நெருக்கமாகத் திரண்டு, மூளைத்தண்டு வழியாக இறங்கி, அதன் அடிப்பகுதியான முகுளத்தின் முன்புறத்தில் பிரமிடு எனப்படும் மேட்டை உண்டாக்குகின்றன. ஒரு பக்கத்துப் பிரமிடில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. முகுளமும் தண்டுவடமும் சேரும் இடத்தில் அவற்றுள் 75 முதல் 90 சதவீதம் வரை எதிர்ப்பக்கம் கடந்துவிடுகின்றன. இடப்பக்கக் கசிவு வலப்பக்கத்தை வீழ்த்தியதும், சிறிய கசிவுகூட ஒரு பாதி உடலையே முடக்கிவிடுவதும் இதனால்தான்.

இந்த இழைகளில் பாதிக்கு மேற்பட்டவை தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியிலேயே, அதாவது கைக்கான இடத்திலேயே, முடிகின்றன. அவற்றில் ஒரு பகுதி, இடையில் வேறு நரம்பணு இன்றி, விரல் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை நேரடியாகத் தொடுகிறது. ஒரு விரலை மற்றவற்றிலிருந்து பிரித்து அசைக்கும் திறன் பெரும்பாலும் இந்த நேரடித் தொடர்பைச் சார்ந்தது. நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்கும் வலக்கைக்கு வேண்டியது முழுக்க முழுக்க இந்தத் திறன்தான்.

நிற்பதற்கும் நடப்பதற்கும் வேறு துணைகள் உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் ரெட்டிகுலோஸ்பைனல், வெஸ்டிபுலோஸ்பைனல் பாதைகள் உடம்பின் நடுப்பகுதியையும், புவியீர்ப்பை எதிர்த்து நம்மை நிறுத்தும் கால் தசைகளையும் தாங்குகின்றன. அவை கசிவு நிகழ்ந்த இடத்திற்குக் கீழே தொடங்குவதால் அழியவில்லை. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிரமிடுகள் இரண்டும் துண்டிக்கப்பட்ட குரங்குகள் மீண்டும் நடந்தன, ஏறின. ஆனால் விரல்களைத் தனித்தனியே அசைக்கும் ஆற்றல் அவற்றுக்குத் திரும்பவே இல்லை.

விறைப்புக்கும் இதே வழியில்தான் விளக்கம் கிடைக்கிறது. தண்டுவடத்து நரம்பணுக்கள் உயிரோடுதான் உள்ளன. மேலிருந்து வரும் கட்டளை திடீரென நின்றபோது அவை ஓய்ந்து போயின. அதனால் கை துவண்டது. பிறகு, புறணியின் தூண்டுதலை நம்பியிருந்த அடக்கும் பாதை வலுவிழந்து, கிளர்த்தும் பாதைகள் தடையின்றி ஓங்கியதால், தசையை இழுத்தால் சுருங்கும் அனிச்சை மிகைப்பட்டது. மருத்துவர் உள்ளங்காலைக் கீறிப் பார்த்திருப்பார்; கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்தால் இப்பாதை பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1896-இல் விவரித்த குறி இது. நடக்கத் தொடங்காத குழந்தைகளிடம் அது இயல்பாகவே காணப்படும், ஏனெனில் இப்பாதையின் இழைகளைப் போர்த்தும் மயலின் உறை அவர்களுக்கு இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது.

கொட்டாவியின்போது கை எழுவது மருத்துவ உலகம் அறிந்த நிகழ்வு. கொட்டாவி மூளைத்தண்டிலிருந்து எழுவது. புறணியின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட கீழ்ப்பாதைகள் வழியே அந்தக் கிளர்ச்சி கைக்குப் பரவுகிறது எனக் கருதப்படுகிறது. விரும்பி அசைக்கும் திறன் திரும்பியதற்கு அதை அடையாளமாகக் கொள்ள இயலாது. பழுது மூளைக்குள் இருக்கும்போது கையின் தோல்மீது எதைத் தடவினாலும் அது அங்கே சென்று சேராது என்பதை உறவினர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இயன்முறை மருத்துவர், திருமங்கலம்:

மேலே உள்ள விளக்கத்தில் ஓரிடத்தைத் திருத்திப் படிக்க வேண்டுகிறேன். கால் முழுமையாகத் தேறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முன்பாதத்தை மேலே தூக்குவதும் கார்டிகோஸ்பைனல் பாதையைப் பெரிதும் சார்ந்த செயல். அது இயலாததால்தான் இத்தகைய நோயாளிகள் காலைப் பக்கவாட்டில் வட்டமாக வீசி நடக்கிறார்கள். பாதம் தரையில் தட்டி விழ வாய்ப்புண்டு. கணுக்காலைத் தாங்கும் பட்டை தேவையா என்று பரிசோதித்துக் கேளுங்கள்.

கையைப் பொறுத்தவரை, நம் ஊர் வீடுகளில் ரப்பர் பந்தைக் கொடுத்து நாள் முழுவதும் அழுத்தச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மடங்கி விறைத்திருக்கும் விரல்களுக்கு மடக்கும் பயிற்சியை நான் பரிந்துரைப்பதில்லை. விரிக்கவும், பிடித்ததை விடுவிக்கவும் பழக்குவதே அவசரத் தேவை. அவரை எழுப்பும்போது வலக்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு எளிதில் நழுவும். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

உசிலம்பட்டி மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. பந்தை இன்றே எடுத்து வைத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் கடக்காத இழைகள் 10 முதல் 25 சதவீதம் உள்ளன அல்லவா? நலமாக உள்ள வலப்பக்க மூளை அவற்றின் வழியே வலக்கை விரல்களை அசைக்கக் கற்றுக்கொள்ளாதா?

உடலியல் கற்பிப்பவர், மதுரை:

அந்த இழைகளில் பெரும்பாலானவை கழுத்து, தோள், முதுகுத் தசைகளுக்கானவை. அம்மா சாயாமல் உட்கார முடிவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. விரல்களுக்கு அவை சென்று சேர்வது மிகக் குறைவு. விரல்கள் எந்த அளவு தேறும் என்பது, இடப்பக்கத்தில் அழியாமல் எஞ்சிய இழைகளின் அளவையும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியையுமே பெரிதும் பொறுத்தது. எனவே பூக்கட்டும் வேலையையே பயிற்சியாக்குங்கள். இடக்கை காம்புகளைப் பிடித்திருக்க, நாரின் நுனியை வலக்கை விரல்களுக்குள் வைத்து, அதைப் பிடித்து விடுவிப்பதோடு தொடங்கட்டும். முடிச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.