முழு உடல் பரிசோதனையை நாமே எடுத்துப் பார்ப்பது பிரயோஜனமா? உங்கள் அனுபவம்

வி.எம். சத்திரத்திலிருந்து:

இப்போதெல்லாம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். மாஸ்டர் செக்கப், எண்பது டெஸ்ட், அதற்கு ஆடித் தள்ளுபடி வேறு. (ஜவுளிக்குத்தான் ஆடித் தள்ளுபடி என்று நினைத்திருந்தேன்.) எங்கள் மதினிக்கு எடுத்த கதையைச் சொல்கிறேன்.

வயது 44. எந்நேரமும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே பேக்கேஜ் போட்டுவிட்டான். கத்தையாக வந்த ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.1 என்று தடித்த எழுத்தில் இருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை வருவதற்கு முந்தைய கட்டம் என்று கீழேயே அச்சடித்திருந்தார்கள். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. சோறு பாதியானது, கருப்பட்டிக் காப்பி நின்றது, காலையில் வெந்தயத் தண்ணீர். மதினி இன்னும் வாடிப்போனார்கள்.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் சர்க்கரைப் பக்கத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். நேராக ஹீமோகுளோபினில் பேனாவை வைத்தார். 8.4. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. "ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்கும்போது அந்த 6.1ஐ நம்ப முடியாதும்மா" என்றார். இரும்புச்சத்து குறைந்திருந்தாலே அந்த எண் கூட்டிக் காட்டுமாம். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொன்னார். ரெண்டும் சரியாக இருந்தன.

பிறகு மாதவிலக்கு பற்றிக் கேட்டார். எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு (புற்றுநோய் இல்லாத சதைக்கட்டி) தெரிந்தது. அதனால் மாதவிலக்கில் அதிகம் போய்த்தான் ரத்தம் குறைந்திருக்கிறது. அதற்கு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார். ரத்தம் ஏறியபின் அதே மூன்று மாதச் சர்க்கரை 5.6.

பேக்கேஜ் வீண் என்று சொல்ல மாட்டேன், விடை அதற்குள்ளேதான் இருந்தது. ஆனால் அதற்கு ரத்த அணு டெஸ்ட் ஒன்றே போதும். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமலே எடுத்திருக்கலாம். மீதி எண்களெல்லாம் எங்களைத் திசைதிருப்பத்தான் உதவின.

இப்போது மகன், "கட்டி என்கிறார்களே, புற்றுநோய்க்கு சிஏ 125 என்ற ரத்த டெஸ்ட் பார்த்துவிடுவோம்" என்கிறான். பார்க்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அக்கா, நான் லேபில் வேலை பார்க்கிறேன். வேண்டாம். ஃபைப்ராய்டு இருந்தாலே சிஏ 125 கூடலாம், மாதவிலக்கு நேரத்திலும் கூடும். கூடி வந்தால் உங்கள் வீட்டில் யார் தூங்குவார்கள்? டாக்டர் கேட்டால் மட்டும் எடுங்கள்.

பேக்கேஜ் கணக்கு ஒன்று சொல்கிறேன். நார்மல் அளவு என்று நாங்கள் அச்சடிப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. மீதி 5 பேர் நோயில்லாமலே வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது எல்லைக்கு வெளியே வர 64 சதவீத வாய்ப்பு. எண்பது எடுத்தால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடும் பிள்ளைகள் தைராய்டு பார்க்க வரும்போது அதைச் சொல்வதே இல்லை. சில மெஷின்களில் அந்த மாத்திரை டிஎஸ்எச்சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைத்தும் டி4ஐ (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) கூட்டியும் காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோலவே ரிப்போர்ட் வரும். மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்து, ஒன்றுமில்லை என்று ஆனவர்கள் உண்டு.

வள்ளியூரிலிருந்து:

நமக்கு நாமே பார்ப்பதில் உருப்படியானது பிபி மெஷின்தான். எனக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலே மேல் அளவு 150 தாண்டும். வீட்டில் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதினேன்: 124, 128, 122. காப்பி குடித்து அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் பட்டையைக் கட்ட வேண்டும். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85க்குக் கீழே இருக்கணும். நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் மாத்திரை எழுதவில்லை. மெஷினையும் ஒருமுறை கொண்டுபோய் அவருடையதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டேன். பட்டை கைக்குச் சரியான அளவா என்று பார்த்து வாங்குங்கள் அண்ணாச்சிமாரே. சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும்.

வி.எம். சத்திரத்திலிருந்து:

அம்பைத் தம்பி எழுதியதை அப்படியே மகனுக்கு அனுப்பிவிட்டேன். "சரி, டாக்டரிடம் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான். பிபி மெஷின் அவன் காசில்தான்.