புதுப்பிப்பு: கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் கட்டி முடித்தாச்சு

போன வாரம், பாதி கட்டியிருந்தபோது, லெகோவின் இந்த விண்கலப் பொம்மை (துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவது, பெட்டி எண் 10497; பழைய பொம்மை ஒன்றின் புது வடிவம்) பழைய நினைவை வைத்து நடக்கும் வியாபாரம்தான் என்று எழுதியிருந்தேன். சரி, அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 1,254 துண்டுகளும் சேர்ந்த பிறகு ஒரு கையால் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன் (வயதைக் கேட்காதீர்கள்). இறக்கை தொங்கவில்லை, எதுவும் கழன்று விழவில்லை. தரையிறங்கும் கால்கள் உள்ளே மடங்குகின்றன. 1979-இல் வந்த அந்தப் பழைய பொம்மைக் கப்பலில் இந்த வசதி கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டும் தொல்லையும் இல்லை, எல்லாம் அச்சிட்ட துண்டுகள்.

ஒன்றில் மட்டும் கருத்து மாறவில்லை: இடது இறக்கைக்குச் செய்ததையே வலதுக்கும் செய்யும்போது கொட்டாவி வருகிறது. அப்புறம், நீளம் அரை மீட்டருக்கு மேல். அலமாரியில் நுழையவில்லை, இப்போதைக்கு ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது.