நரகத்தை நம்பாதவர்கள் எல்லோரும் தண்டனைக்குப் பயந்தவர்களா?

கல்தச்சன்:
"நரகம் இல்லை என்று சொல்பவன், தன் பாவங்களுக்கு ஒருநாள் கணக்குக் கேட்கப்படுமோ என்ற பயத்தினால்தான் அப்படிச் சொல்கிறான், வேறு காரணமே கிடையாது" என்று அருள்வழி நேற்று வேறோர் இழையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்தவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்தவரைப் போலப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இதைத் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். சார்லஸ் டார்வின் 1876-ல் தம் குடும்பத்தாருக்காக எழுதிய தன்வரலாற்றில், கிறிஸ்தவம் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் எப்படி ஆசைப்பட முடியும் என்றே தமக்கு விளங்கவில்லை என்கிறார். நம்பாதவர்களுக்கு முடிவில்லாத தண்டனை என்று வேதம் நேரடியாகவே சொல்கிறது என்றால், அவருடைய தந்தை, அண்ணன், நெருங்கிய நண்பர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்தத் தண்டனைக்கு ஆளாக வேண்டியிருக்கும். அது அருவருக்கத்தக்க கோட்பாடு என்று எழுதிவைத்தார். அந்த வரிகளில் அவர் தமக்கு என்ன ஆகுமோ என்று ஓரிடத்திலும் கவலைப்படவில்லை. 1848-ல் இறந்துபோன தந்தைக்காகக் கோபப்படுகிறார். அருள்வழி இதில் பயம் எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.

அருள்வழி:
நான் பொதுவாகச் சொன்ன ஒன்றை எடுத்துக்கொண்டு, எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், நன்றி. தந்தையின் மீது பாசம் இருந்தால் தண்டனை இல்லாமல் போய்விடுமா? தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று குற்றவாளியின் மகன் அழுதால் சிறைச்சாலையின் சுவர் இடிந்து விழுந்துவிடாது. டார்வின் சொன்னது "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது மட்டுமே. "இல்லை" என்பதற்கு அவர் அந்த வரியில் ஒரு சான்றும் தரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1035-ஆம் பத்தியில் நரகம் உண்டு, அது முடிவற்றது என்று இன்றும் தெளிவாகவே போதிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் போதனையை ஒருவருடைய குடும்பப் பாசத்தை வைத்துத் தள்ளிவிட முடியாது.

நெடுங்கணக்கு:
இருவருமே அந்தப் பகுதியை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. கல்தச்சன் வழக்கம்போலத் தமக்கு வேண்டிய வரியை மட்டும் கிள்ளியெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். டார்வின் அங்கே நரகத்துக்கு முன்பாகவே அற்புதங்களைப் பற்றிப் பேசுகிறார். அடுத்து, நற்செய்தி நூல்கள் நிகழ்ச்சிகள் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவை என்று நிறுவ முடியாததையும், அவை பல முக்கியமான விவரங்களில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதையும் சொல்கிறார். பிறகு, நம்பிக்கையின்மை மிக மெதுவாகத் தம்மைச் சூழ்ந்து இறுதியில் முழுமையடைந்தது என்றும், அதனால் தமக்கு எந்த வேதனையும் ஏற்படவில்லை என்றும் எழுதுகிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நரகம் பற்றிய வரி வருகிறது. ஆக, அவர் நம்பிக்கையை இழந்ததற்கு நரகம் காரணம் அன்று. இழந்து முடித்த பின் சேர்த்த கருத்து அது. புத்தரின் மௌனம் குறித்த இழையிலும் நீங்கள் இதே வேலையைத்தான் செய்தீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கல்தச்சன்:
முதலில் எழுதியது காரணம், பின்னால் எழுதியது ஒப்பனை என்பது எந்த இலக்கணத்தில் இருக்கிறது? மனிதன் பத்தி வரிசையிலா வாழ்கிறான்? தந்தை இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, வயதான காலத்தில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பதற்காக எழுதுகிறவர், வாழ்க்கையில் நடந்த ஒழுங்கிலேயே எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அது வெறும் பின்குறிப்பாக இருந்திருந்தால் அவருடைய மனைவி எம்மா அதைக் கண்டு ஏன் பதற வேண்டும்? டார்வின் 1882-ல் இறந்த சில மாதங்களிலேயே, அந்தப் பகுதி அச்சாவதைத் தாம் விரும்பவில்லை என்று எம்மா குறிப்பு எழுதினார். 1887-ல் மகன் பிரான்சிஸ் வெளியிட்ட பதிப்பில் அந்த வரிகள் இல்லை. பேத்தி நோரா பார்லோ 1958-ல் முழு வடிவத்தையும் வெளியிட்ட பிறகுதான் உலகம் அவற்றைப் படித்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒளித்துவைக்க வேண்டியிருந்த வரியைத்தான் நெடுங்கணக்கு "சேர்த்த கருத்து" என்கிறார்.

மழைக்குருவி:
எந்த நரகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் நன்றாக இருக்கும். சமணத்தில் நரகங்கள் ஏழு. அவற்றுள் அடியில் உள்ளதில் கிடக்கும் உயிருக்கும் முப்பத்து மூன்று சாகரோபமம் (எண்ணிச் சொல்ல முடியாத அளவு நீண்ட கால அளவை) கழிந்தால் விடுதலை உண்டு. பௌத்தத்தின் அவீசி என்ற மிகக் கொடிய நரகமும் கற்பனைக்கு எட்டாத அளவுக்கு நீளுமே தவிர, அதற்கும் முடிவு உண்டு. புராணங்களின்படி, நரகத்தில் வினையைத் தீர்த்த உயிர் மீண்டும் பிறக்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ரபி அக்கீவாவின் பெயரால் வரும் ஒரு கருத்து, தீயோருக்கான தண்டனைக் காலம் பன்னிரண்டு மாதங்கள் என்கிறது. கிறிஸ்தவத்துக்குள்ளேயே அட்வெண்டிஸ்ட் சபையினர், தீயோர் இறுதியில் அழிந்துபோவார்கள், முடிவில்லாமல் வதைபட மாட்டார்கள் என்கிறார்கள். ஒருவர் "நரகத்தை நம்பவில்லை" என்று சொன்னால், இவற்றுள் எதை நம்பவில்லை என்று கேட்காமல் காரணம் தேடுவதில் பொருளே இல்லை.

அருள்வழி:
கல்தச்சன் தம்மை அறியாமலேயே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார். டார்வினோடு நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்த சொந்த மனைவியே அந்த வரியை ஏற்கவில்லை. இறைப்பற்று உள்ள பெண்மணி. கணவருடைய பேச்சைக் கண்டு வெட்கப்பட்டு நீக்கச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே எடுபடாத வாதத்தை இங்கே கொண்டுவந்து கடைவிரிக்க வேண்டாம்.

கல்தச்சன்:
இதற்குத்தான் காத்திருந்தேன். எம்மாவின் அதே குறிப்பில் அடுத்து என்ன இருக்கிறது தெரியுமா? அந்தப் பகுதி பக்குவமில்லாமல் இருப்பதாகத் தோன்றுகிறது என்று சொன்ன கையோடு, நம்பாததற்காக முடிவில்லாத தண்டனை என்ற கோட்பாட்டைப் பற்றி எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் தகும் என்றும் எழுதியிருக்கிறார். இக்காலத்தில் மிகச் சிலரே அதைக் கிறிஸ்தவம் என்பார்கள் என்பதுதான் அவர் டார்வினுக்கு வைத்த மறுப்பு. ஆக, கடவுளை நம்பி, வழிபாட்டுக்குச் சென்று, கணவரின் நம்பிக்கையின்மைக்காக வாழ்நாளெல்லாம் வருந்திய ஒரு பெண்மணி அந்த நரகத்தை ஏற்கவில்லை. இவரும் தண்டனைக்குப் பயந்துதான் மறுத்தாரா? எந்தப் பாவத்தை மறைப்பதற்காக?

இன்னொருவரையும் சொல்கிறேன். பிரெடரிக் டெனிசன் மாரிஸ் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. முடிவில்லாத தண்டனை பற்றிய வழக்கமான விளக்கத்தை ஏற்க முடியாது என்று எழுதியதற்காக 1853-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தம் பேராசிரியர் பதவியை இழந்தார். பயந்தவர் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கியிருப்பார்.

நெடுங்கணக்கு:
எம்மா அந்த வாக்கியத்தை எங்கே முடித்தார் என்பதைக் கல்தச்சன் சொல்லாமல் விட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்தச் சொற்கள் வேதத்தில் இருக்கத்தான் செய்கின்றன என்று எம்மாவே அடைப்புக்குறிக்குள் ஒத்துக்கொள்கிறார். இதைத்தான் கிள்ளியெடுப்பது என்றேன். மாரிஸ், எம்மா என்று ஊரையெல்லாம் சுற்றிவர வேண்டாம். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நரகம் பற்றிய வரிக்கு முன்பே தம் நம்பிக்கையின்மை முழுமையடைந்துவிட்டது என்று டார்வின் எழுதியிருக்கிறாரா, இல்லையா?

செந்தூரன்:
வெளிநாட்டு ஆட்களை விட்டால் உங்களுக்கு வேறு கதியே இல்லையா? "நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்" என்று அப்பர் பெருமான் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். நரகம் என்ற பூச்சாண்டியை நாம் அன்றைக்கே தூக்கியெறிந்துவிட்டோம். டார்வின் நேற்று வந்தவர்.

கல்தச்சன்:
செந்தூரன் அவர்களே, உதவிக்கு வந்ததற்கு நன்றி. ஆனால் இந்த உதவி எனக்கு வேண்டாம். நரகத்தில் இடர்ப்பட மாட்டோம் என்று பாடுகிறவர், இறைவனுக்கு ஆளானவர்களை நரகம் தீண்டாது என்கிறார். நரகமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அடியாருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை நாத்திகமாக்கினால் அப்பரே உங்களோடு வழக்குக்கு வருவார். தமிழில் மறுப்பு வேண்டுமானால் மணிமேகலையில் வரும் பூதவாதியிடம், உணர்வே பூதங்களின் சேர்க்கையில் தோன்றுவதுதான் என்று வாதிடுகிறவரிடம் போங்கள். இன்பமும் துன்பமும் இந்தப் பிறப்போடு தீர்ந்துவிடும், மறுமை என்று ஒன்று இருந்து அங்கே வினையை நுகர்வோம் என்பது பொய் என்று அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்.

செந்தூரன்:
தேவாரத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் எழுதிக்கொடுத்தது? டார்வின் என்றால் வரிக்கு வரி ஆராய்ச்சி, அப்பர் என்றால் ஒரே வரியில் தள்ளுபடி. போகட்டும், பூதவாதியை மணிமேகலை சிரித்து மடக்கியதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? முற்பிறப்பு அறிவைப் பற்றி அவள் சொன்னதைத் தெய்வ மயக்கம் என்று அவர் ஐயுறவே, உன் தாய் தந்தையர் யார் என்பதையே கருத்தளவை (அனுமானம்) இல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்டாளே, அதற்குப் பூதவாதியிடம் பதில் இருந்ததா?

அருள்வழி:
நீங்கள் இருவரும் இலக்கியம் பேசி முடியுங்கள். நான் நடைமுறையைச் சொல்கிறேன். ஷரீஃப், ரெம்துல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் 67 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நரகத்தை நம்புவோர் மிகுந்த நாடுகளில் குற்றங்கள் குறைவாக இருந்தன. பயம் மனிதனைத் தடுக்கிறது. அந்தத் தடை வேண்டாம் என்பவர்கள்தான் நரகமும் வேண்டாம் என்கிறார்கள் என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கல்தச்சன்:
அதே ஆய்வின் மறுபாதியைச் சொல்லும் துணிவு உங்களுக்கு இல்லையே. சொர்க்கத்தை நம்புவது மிகுந்த இடங்களில் குற்றமும் மிகுந்திருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அப்படியானால் சொர்க்கத்தை நாளைக்கே மூடிவிடலாமா? அது நாடுகளின் சராசரிகளைப் பற்றிய ஒப்பீடு. ஒரு தனிமனிதன் ஏன் நம்பவில்லை என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அதோடு, ஒரு நம்பிக்கையால் பயன் உண்டு என்பது வேறு, அது உண்மை என்பது வேறு. டார்வின் பிடிக்கவில்லை என்றதும் இந்த வேறுபாட்டை எனக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள்தான். அறுபது, எழுபது ஆண்டு வாழ்க்கையில் செய்த பிழைக்கு, அதுவும் நம்பவில்லை என்ற பிழைக்கு, முடிவே இல்லாத வதை எந்த அளவுகோலில் நியாயம் என்று டார்வினின் வரி கேட்கிறது. நீங்கள் இந்த இழையில் இத்தனை எழுதியும் அந்தக் கேள்வியின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்குருவி:
முடிவில்லாத வதை என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், பன்னிரண்டு மாத நரகத்தை நீங்கள் ஏற்பீர்களா, கல்தச்சன்? நான் முன்பே கேட்டதும் இதைத்தான்.

அருள்வழி:
முடிவில்லாத இறைவனுக்கு எதிராகச் செய்த பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை என்று தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே விடை தந்துவிட்டார். படிக்காதது உங்கள் குறை. டார்வினின் தந்தை எங்கே இருக்கிறார் என்பதை இறைவன் பார்த்துக்கொள்வார். உங்களுக்காக நான் வேண்டிக்கொள்கிறேன்.

கல்தச்சன்:
வாதம் தீர்ந்ததும் வேண்டுதல் வந்துவிட்டது. நம்பாத ராபர்ட் டார்வின் என்ற மருத்துவர் முடிவில்லாமல் எரிய வேண்டும் என்பது சரிதானா என்று கேட்டேன். "இறைவன் பார்த்துக்கொள்வார்" என்கிறீர்கள். முதல் நாள் எல்லோர் நெஞ்சையும் நீங்களே பார்த்துத் தீர்ப்பு எழுதினீர்களே, அப்போது அந்தப் பொறுப்பை இறைவனிடம் விட்டிருக்கலாமே?

நெடுங்கணக்கு:
நான் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. முதல் பதிவில் தந்தைக்காகப் பட்ட கோபமே காரணம் என்பது போல எழுதினீர்கள். இரண்டாவது பதிவில் காரணத்துக்கு வரிசையே கிடையாது என்றீர்கள். இப்போது அது நியாயம் பற்றிய கேள்வியாகிவிட்டது. நீங்கள் பதிவுகளைப் பின்னால் திருத்தும் வழக்கம் உள்ளவர் என்பதால் மூன்றையும் படியெடுத்து வைத்திருக்கிறேன். புத்தரின் மௌனம் இழையும் அப்படியே திறந்துதான் கிடக்கிறது.