சாகாஸ் நோய்க்கு பி57.2 போடலாமா: இசிஜி நார்மல் என்றால் இதயம் எங்கிருந்து வந்தது?

தணிக்கை_தங்கம்:
நேற்று டாக்டர் எழில் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "இசிஜி நார்மலாக இருக்கும் சாகாஸ் நோயாளிக்கு பி57.2 போடுகிறவர் கோடரே இல்லை" என்று ஒரு தீர்ப்பு. புதியவர்களுக்கு: சாகாஸ் ஒட்டுண்ணியால் வரும் தொற்று; கோடர் என்பவர் டாக்டர் சார்ட்டில் எழுதிய நோய்க்குக் குறியீடு போடுபவர். அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மின் அகரவரிசை இண்டெக்ஸில் சாகாஸ் என்று தேடுங்கள், நேரெதிரே நிற்பது பி57.2தான். குறியீட்டு வரிசையில் இருக்கும் டேபுலரிலும் அதன் கீழேதான் 'நாள்பட்ட சாகாஸ், வேறு விவரம் இல்லை' என்று இருக்கிறது. டாக்டர் அதற்கு மேல் எழுதவில்லை என்றால் அந்தக் கோடுதான். இதில் பேச என்ன இருக்கிறது?

டாக்டர்_எழில்:
அப்படியே பி57.2இன் தலைப்பையும் படித்திருக்கலாம் சார். 'இதய பாதிப்புடன் கூடிய நாள்பட்ட சாகாஸ்'. ரத்த தானம் கொடுக்கப் போய் ஆன்டிபாடி இருப்பது தெரிந்து வருகிறார் ஒருவர். இரண்டு வெவ்வேறு செராலஜி (ரத்த ஆன்டிபாடி) டெஸ்டும் பாசிட்டிவ், இசிஜி சுத்தம், எக்ஸ்ரே சுத்தம். நாள்பட்ட தொற்று இருப்பவர்களில் இதயம் கெடுவது ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களின் ஃபைலிலும் இதய நோயை எழுதி வைக்கிறீர்களே, இதயம் எங்கே?

தணிக்கை_தங்கம்:
அதை உங்கள் ஆட்களிடம் கேளுங்கள். சார்ட்டில் 'சாகாஸ்' என்று ஒற்றைச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது டாக்டர், இசிஜி பேப்பரை விரித்து வைத்து நோய் கண்டுபிடிக்க வேண்டியது கோடரா? நான் அதைச் செய்தால் ஆடிட்டில் என் தலைதான் உருளும். டிஃபால்ட் கோடு என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

புது_கோடர்:
அண்ணா, ஒரு சந்தேகம். அக்யூட் சாகாஸ் என்று மட்டும் இருந்தால் பி57.1, அதாவது இதய பாதிப்பு இல்லாதது. நாள்பட்டது என்றால் மட்டும் ஏன் இதயத்தோடு சேர்த்து வருகிறது?

தணிக்கை_தங்கம்:
தம்பி, ஏன் என்று கேட்பது நம் வேலை இல்லை. பி55.0 எடுத்துப் பார். காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய் குணமான பிறகு தோலில் மட்டும் வரும் பிகேடிஎல், உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் என்ற தலைப்பின் கீழேதான் கிடக்கிறது. அங்கே போய் உள்ளுறுப்பு எங்கே என்று எந்த டாக்டரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

டாக்டர்_எழில்:
அது உள்ளுறுப்பு நோயின் பின்தொடர்ச்சி, அதனால் அங்கே இருக்கிறது. இங்கே இதயம் எந்தக் காலத்திலும் கெடாமலே போகலாம். திரும்பவும் கேட்கிறேன், இதயம் எங்கே?

குவெரி_கலா:
இதய பாதிப்பு உண்டா இல்லையா என்று டாக்டருக்கு ஒரு குவெரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு, அனுப்பினால் முடிந்ததே.

தணிக்கை_தங்கம்:
முடிந்ததா? சரி மேடம், 'இதய பாதிப்பு இல்லை' என்றே எழுதித் தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் எங்கே போவீர்கள்? பி57.3 செரிமான உறுப்பு, பி57.4 நரம்பு மண்டலம், பி57.5 மற்ற உறுப்பு. எந்த உறுப்பும் பாதிக்காத நாள்பட்ட சாகாஸுக்கு எந்தக் கோடு? யாராவது சொல்லுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

டாக்டர்_எழில்:
கோடு இல்லை என்பதற்காக ஆளுக்கு இதய நோயைக் கொடுத்துவிடுவதா? ரத்தப் பரிசோதனையில் கண்ட மாறுபாடு என்று ஆர்76.8 பிரிவில் போட்டாலாவது பொய் இல்லை.

தணிக்கை_தங்கம்:
ஆஹா. இரண்டு டெஸ்டில் உறுதியான தொற்றை 'ரத்தத்தில் ஏதோ மாறுபாடு' ஆக்கிவிட்டீர்கள். அதே நோயாளிக்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்னிடசோல் எழுதுவீர்கள் அல்லவா, மாறுபாட்டுக்கா அந்த மாத்திரை?

பாராசைட்_பாலு:
இரண்டு பேரும் கத்துவதற்கு முன்னால், பூச்சி கடித்துப் பரவுகிறது என்று தங்கம் சார் போன மாதம் எழுதியதை இன்னும் திருத்தவில்லை. கடியால் பரவாது. ட்ரையடோமைன் பூச்சி ரத்தம் குடிக்கும்போது கழிக்கும் மலத்தில்தான் சாகாஸ் ஒட்டுண்ணியான ட்ரிபனோசோமா க்ரூஸி இருக்கிறது, சொறிந்தால் அது காயத்துக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போகிறது. பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் இந்த நோயைக் கண்டு சொன்னது 1909ல்.

தணிக்கை_தங்கம்:
பாலு, கடிக்கு ஒரு கோடு மலத்துக்கு ஒரு கோடு என்று இருக்கிறதா? இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பாடம்? மலேரியா கலப்புத் தொற்று விஷயத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் சேர்ந்து வந்தால் ஃபால்சிபாரத்துக்கான பி50தான் என்று அன்று நான் சொன்னதை இன்றுவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பாராசைட்_பாலு:
நான் மறுத்தது பி50ஐ அல்ல, நீங்கள் பேசிய விதத்தை.

புது_கோடர்:
அண்ணா, அப்போது நான் இந்த சார்ட்டுக்கு எதைப் போடட்டும்? மேலே கேட்கிறார்கள்.

டாக்டர்_எழில்:
பி57.2 போடாதீர்கள்.

தணிக்கை_தங்கம்:
பி57.2 போடு. யாராவது கேட்டால் இண்டெக்ஸைக் காட்டு. பாலு, பேசிய விதமா? என்னை 'மனப்பாட மன்னன்' என்றது யார்?

பாராசைட்_பாலு:
அதைச் சொன்னது கலா. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடவா?

குவெரி_கலா:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

தணிக்கை_தங்கம்:
போடுங்கள். தேதி தெரிகிற மாதிரி போடுங்கள்.