மறு: ரைமிங் டிக்‌ஷனரிக்குத் தமிழில் எதுகை அகராதியா, இயைபகராதியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு சொல்லோடு ஒலி ஒத்துவரும் ஆங்கிலச் சொற்களைத் தேடித்தரும் ரைமிங் டிக்‌ஷனரி நிரலுக்காக அண்ணா அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பெரும்பாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் 'எதுகை அகராதி' என்பதை மட்டும் அப்படியே விட மனசு வரவில்லை.

> பேச்சில் ரைம் என்றாலே எதுகை மோனை என்றுதானே சொல்கிறோம், அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பேச்சில் சொல்கிறோம், உண்மைதான் அண்ணா. ஆனால் அந்த நிரல் எதைத் தேடுகிறது என்று பாருங்கள். ஓக் மரத்தின் பெயரைக் கொடுத்தால் ஜோக், ஸ்மோக், சோக், க்ளோக், ஸ்ட்ரோக் என்று வந்து விழுகின்றன, எல்லாம் கடைசியில் ஒன்றுபவை. எதுகையோ இரண்டாம் எழுத்தைப் பார்ப்பது. முதல் குறளில் 'அகர'வும் 'பகவ'னும் ககரத்தில் சந்திக்கின்றனவே, அது. சொல் எப்படி முடிகிறது என்பது எதுகைக்குப் பொருட்டே இல்லை. முடிவைப் பார்க்கும் தொடைக்கு (செய்யுளில் சொற்களையும் அடிகளையும் தொடுக்கும் முறைக்கு) இயைபு என்று பெயர் வைத்து, 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே' என்று நாலே சொல்லில் தொல்காப்பியம் முடித்துவிட்டது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு, வேறு வேலை பார்க்கிற ஒரு சொல்லை இழுத்துவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வேறுபாடு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் இயைபில் அடிதோறும் அதே சொல் திரும்பி வந்தாலும் இயைபுதான். ஆங்கிலத்தில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து இறுதிவரை ஒன்ற வேண்டும், அதற்கு முந்தைய மெய் வேறாக இருக்க வேண்டும். இந்தக் கூடுதல் நிபந்தனையை விளக்கக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம், அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம் அகராதி. இது நமக்குப் புதிய பண்டமே இல்லை! வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதிகள். அந்த நாலாவது, தொடையகராதி, செய்யுள் எழுதுகிறவர்கள் எதுகைக்குச் சொல் தேடுவதற்காகவே செய்தது. தொடையகராதி என்றே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இன்றைக்குத் திரையில் 'தொடை' என்று ஒரு பொத்தானைப் பார்க்கும் பிள்ளைக்கு உடம்பின் தொடைதான் நினைவுக்கு வரும். தவிர, தொடை என்பது மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அதனால் முனிவர் சொல்லை ஆக்கிய முறையை மட்டும் எடுத்துக்கொண்டு 'இயைபகராதி' என்கிறேன். இயைபு என்பது குற்றியலுகரம், உயிர் வந்தால் உகரம் போய்விடும், சேர்த்து எழுதினாலும் வாய்க்கு இடறவில்லை.

> கண்ணுக்கு மட்டும் ரைம் ஆகிறவற்றுக்குத் தனிச்சொல் அவசியமா? யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

அவசியம் என்று எனக்குக் காட்டியது என் அண்ணன் மகள். ஏழாவது படிக்கிறாள். சோதித்துப் பார்க்கலாமே என்று அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஓக், பைன் இரண்டுக்கும் ஒத்துவரும் சொற்களை எழுதச் சொன்னேன். பிறகு நிரலைத் திறந்து ஒப்பிட்டோம். ஓக்குக்கு ஃபோக், யோக் என்று திரையில் வந்ததும், "அத்தை, இது தப்பு, நடுவுல எல் இருக்கு" என்றாள். முட்டை மஞ்சள் கருவை அவள் இதுவரை யோல்க் என்றே படித்து வந்திருக்கிறாள், அந்த எல் ஒலிக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பைனுக்கு லைன், வைன், நைன் என்று சரியாக எழுதியவள், கூடவே மெஷினையும் என்ஜினையும் சேர்த்திருந்தாள். எல்லாம் ஐ-என்-இ என்று முடிகின்றனவாம். கடைசியில் ஜி-என் வருகிறது என்று சைனை விட்டுவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நம் எழுத்து அப்படிப் பழக்கியிருக்கிறது. தமிழில் எழுத்து ஒன்றினால் ஒலியும் பெரும்பாலும் ஒன்றிவிடும். ஆங்கிலத்தில் பர்ச் மரத்தோடு சர்ச், ஸர்ச், பெர்ச் எல்லாம் ஒரே உயிரொலியோடு ஒன்றி முடிகின்றன, ஆனால் அந்த உயிரொலிக்கு நாலிலும் நாலு வகை எழுத்துக்கூட்டு. நிரலுக்கு அடிப்படையாக இருக்கிற கார்னகி மெலன் பல்கலைக்கழக உச்சரிப்பு அகராதி 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்களின் உச்சரிப்பை ஒலிக்குறிகளாகவே வைத்திருக்கிறது, உயிரொலிகளின் அழுத்தத்துக்கு 0, 1, 2 என்று எண் வேறு. இயைபைத் தேடும்போது எழுத்துக்கூட்டை நிரல் பார்ப்பதே இல்லை. பைன்-என்ஜின் மாதிரியானவற்றை 'இது கண்ணுக்கு மட்டும்' என்று தனியாகக் காட்டினால்தான் பிள்ளைக்குப் புரியும்.

அதற்கு 'எழுத்தியைபு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நம் இலக்கணத்தில் எழுத்து என்றால் ஒலிவடிவம், வரிவடிவம் இரண்டும்தான், பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது உதவாது. 'வரியியைபு' என்றால் கவிதை வரியின் இயைபு என்று படிப்பார்கள். நான் சொல்வது 'கண்ணியைபு'. தாயுமானவரின் பராபரக்கண்ணி போல இரண்டடிக் கண்ணியோடு குழம்பாதா என்று தமிழாசிரியர் ஒருவர் தனிமடலில் கேட்டார், நல்ல கேள்வி. கண்ணியோடு இயைபு சேர்ந்தால் கண்ணியியைபு ஆகும், கண்ணோடு சேர்ந்தால் தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்துக் கண்ணியைபு. எழுத்திலேயே வேறுபாடு தெரிகிறது.

தமிழுக்கே இது தேவைப்படாது என்றும் சொல்ல முடியாது. பாவபுண்ணியத்தின் பாவமும் பரதநாட்டியத்தின் பாவமும் ஒரே எழுத்து, முதல் ஒலி வேறு. 'லாபம்' என்ற சொல்லில் வரும் பகரமும் 'கப்பம்' என்பதில் வரும் பகரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன?

ஓக்-புக் போல மெய் ஒன்றி உயிர் மாறுகிறவற்றுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. இப்போதைக்குக் 'குறையியைபு' என்று போட்டு வைத்திருக்கிறேன், 'குறை' என்பது கவிஞரின் தவறு போலத் தொனிப்பது உறுத்துகிறது. வேண்டுமென்றே அப்படி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வேறு சொல் சொன்னால் கோப்பில் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்