குறைந்த செலவில் டிஎன்ஏ அரே: கல்லூரி ஆய்வகத்தில் இயலுமா?

வேலந்தாவளம் விரிவுரையாளர்:
பாலக்காட்டு எல்லையோரக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கிறேன். எங்கள் பகுதியின் நேந்திரன் வாழைத் தோட்டங்களில் காணும் முடிக்கொத்து, கொக்கான், கீற்று நோய், வெள்ளரித் தேமல் ஆகிய நான்கின் வைரஸ்களையும் ஒரே சோதனையில் அறிய மாணவர்களைக் கொண்டு ஒரு சிறிய அரே, அதாவது தேடும் டிஎன்ஏவோடு ஒட்டக்கூடிய டிஎன்ஏ துண்டுகளை வரிசையாகப் புள்ளியிட்ட தகடு, செய்ய விரும்புகிறேன். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கருவி உண்டு. புள்ளியிடும் இயந்திரம் வாங்க நிதியில்லை. அதை நாமே செய்துகொள்ள முடியுமா?

சித்தூர்க்காரன்:
முடியும், அம்மா. ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரவுன் ஆய்வகத்தினர், 1995இல் 45 மரபணுக்களைக் கண்ணாடியில் புள்ளியிட்டு ஆய்வு வெளியிட்ட பின், இயந்திரத்தைக் கட்டும் முறையையே இணையத்தில் இலவசமாக அளித்தனர். ஆனால் ஒளிரும் சாயத்தைப் படிக்கும் லேசர் ஸ்கேனருக்குத்தான் பெருஞ்செலவு. ஆகவே எப்படிப் படிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு வைரஸ்களுக்கு இயந்திரமே மிகை. நைலான் சவ்வில் மைக்ரோபிப்பெட்டால் அரை மைக்ரோலிட்டர் வீதம் புள்ளியிட்டுப் புறஊதா ஒளியால் பிணைத்து, பிசிஆர் பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ இழையில்) பயோட்டின் என்னும் அடையாள மூலக்கூறைச் சேர்த்து, பெருக்கிய டிஎன்ஏவைப் புள்ளிகளோடு ஒட்டவிட்டு, பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்துடன் இணைந்த அல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதியால் ஊதா நிறம் வரவழைத்தால், அலுவலகத்தில் ஆவணம் நகலெடுக்கும் ஸ்கேனரே போதும்.

கொழிஞ்சாம்பாறை ஆய்வு மாணவர்:
சவ்வையே நானும் பரிந்துரைக்கிறேன். கண்ணாடிதான் வேண்டுமென்றால் காற்றின் ஈரத்தைக் கவனியுங்கள்: மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றில் ஊசி நுனியிலேயே கரைசல் காய்ந்துவிடும், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று கலக்கும். கரைசலில் பாதியளவு டிஎம்எஸ்ஓ என்னும் எளிதில் ஆவியாகாத கரைப்பான் சேர்த்தால் காய்வது குறையும்.

வேலந்தாவளம் விரிவுரையாளர்:
மிக்க நன்றி. அப்படியானால் நான்கு வைரஸ்களுக்கும் ஒரே தயாரிப்பு முறை போதுமா?

சித்தூர்க்காரன்:
போதாது. கொக்கானும் வெள்ளரித் தேமலும் ஆர்என்ஏ வைரஸ்கள் என்பதால், முதலில் தலைகீழ்ப் படியெடுத்தல், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுதல், தேவை. மற்ற இரண்டும் டிஎன்ஏ. இதைவிடப் பெரிய இடர் கீற்று வைரஸில் உள்ளது. அதன் துண்டுகள், பால்பிசியானா என்னும் காட்டு வாழையின் வழிவந்த பி மரபுத்தொகுதியிலேயே பதிந்திருக்கலாம். நேந்திரன் ஏஏபி வகை, அதாவது இரண்டு ஏ தொகுதியோடு ஒரு பி தொகுதியும் கொண்டது, ஆதலால், நோயற்ற கன்றிலும் அந்தப் புள்ளி நிறம் காட்டக்கூடும். எனவே ஆரோக்கியமான நேந்திரன் டிஎன்ஏவை ஒவ்வொரு முறையும் தனிச் சவ்வில் ஒப்பீட்டுக்காகச் சோதியுங்கள். அதிலும் நிறம் வந்தால், கீற்றுப் புள்ளியை மட்டும் நம்பி எந்த விவசாயியிடமும் கன்றை அழிக்கச் சொல்லாதீர்கள்.