செர்ட்ராலின் டோஸ் கூட்டியதிலிருந்து காதில் ‘ஙொய்’ சத்தம்: மாத்திரையை நிறுத்தலாமா?

தூங்காநகரி: மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 50 மி.கி. போட்டுக்கொண்டிருந்தேன், நல்ல பலன். பதற்றம் முழுசாகப் போகவில்லை என்று டாக்டர் 100 ஆக்கினார். அதிலிருந்து இரண்டு காதிலும் மெல்லிய விசில் சத்தம். பகலில் தெரிவதில்லை, விளக்கை அணைத்துப் படுத்தால் கச்சேரி ஆரம்பம். மாத்திரையாலா? டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை நிறுத்திவிடலாமா?

சும்மாஒருத்தன்: எல்லாம் கெமிக்கல்ங்க. தூக்கிப் போடுங்க, தானா சரியாகிடும்.

மாத்திரைக்கடை: மேலே சொன்னதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். செர்ட்ராலின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் காது இரைச்சலும் பக்கவிளைவாகப் போட்டிருக்கும். மனச்சோர்வுக்கே தரும் புப்ரோப்பியான், வெண்லாஃபாக்சின் மாத்திரைகளுக்கும் உண்டு. டோஸ் ஏறிய சமயத்தில் தொடங்கியதால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். சிலருக்கு இதே இரைச்சலும் வரும். அப்புறம் எது எதனால் என்று டாக்டருக்கே பிடிபடாது. இன்றே ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். டோஸை இறக்குவதா, கொஞ்சம் பொறுப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது அவர் முடிவு. வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா?

தூங்காநகரி: முதுகுவலிக்கு அடிக்கடி ஐபுப்ரோஃபென்.

மாத்திரைக்கடை: அதையும் சொல்லுங்கள், மறக்காமல். ஐபுப்ரோஃபெனும் அதிக டோஸ் ஆஸ்பிரினும் தாமாகவே காதில் இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. செர்ட்ராலினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். எனக்கென்னவோ காதைவிட அதுதான் கவலை.

வெண்மேகம்: எனக்கு வெண்லாஃபாக்சின். அது உடம்பில் ரொம்ப நேரம் தங்காது. காலை மாத்திரை மதியம் வரை தள்ளிப்போனாலே காது பாட ஆரம்பித்துவிடும். நீங்களும் மாத்திரை போட்ட நேரம், சத்தம் கூடிய நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். ராத்திரி அறையை முழு நிசப்தமாக வைக்காதீர்கள் தோழி. ஃபேன் சத்தமோ மழைச் சத்தமோ சன்னமாக ஓடட்டும், விசிலை அமுக்கும் அளவுக்கு வேண்டாம். எனக்கு இரைச்சல் முழுசாகப் போகவில்லை, தூக்கம் வருகிறது.

காதுகேள்: நான் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுப்பவன். காதுக்குறும்பி அடைத்திருந்தாலும், இயர்போனில் சத்தமாகக் கேட்கும் பழக்கம் இருந்தாலும் இதே விசில் வரும். எனவே ஈஎன்டி டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் மட்டும் அன்றைக்கே ஓடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

தூங்காநகரி: துடிப்பு இல்லை, இரண்டு காதும் நன்றாகவே கேட்கிறது. ஃபோனில் பேசிவிட்டேன்: முதலில் ஐபுப்ரோஃபெனை நிறுத்தச் சொன்னார், செர்ட்ராலின் அப்படியே தொடர்கிறது. முதுகுவலிக்கு பாராசிட்டமால்.